பூட்டு அக்கா

யாரோ திறந்து போட்டுவிட்டுப் போன கணினியின் பக்கம் நடந்துகொண்டே கையை நீட்டி, இரண்டு விசைகளை அழுத்தி அக்கா திரையைப் பூட்டுவார். நிற்கமாட்டார். "திறந்த வீட்டுல நாய்தான் நுழையணும்னு இல்ல, எதுவும் நுழையும்" என்று காற்றிடம் சொல்வது போலச் சொல்லிவிட்டுப் போவார். மருந்துக் கவுண்டரில் இருக்கும் எனக்கும் அவ்வப்போது அந்தக் குத்தல் விழும்.

எங்கள் மருத்துவமனையின் கணினிகள் எல்லாம் அவர் பொறுப்பு. பூட்டு அக்கா என்றால் வாசல் காவலாளிக்கும் தெரியும். சாப்பாட்டுப் பை கொண்டுவந்த அவர் கணவர் ஒருநாள் என்னிடம் புலம்பினார்: "கதவைப் பூட்டிட்டு இழுத்துப் பாப்பா. அப்புறம் என்னை இழுத்துப் பாக்கச் சொல்லுவா. நான் சரியா இழுத்தேனான்னு மறுபடி அவ இழுத்துப் பாப்பா."

புதுக் கணினிகள் வந்தபோது, பொத்தானைத் தட்டினால் கடவுச்சொல் கேட்காமல் நேரே உள்ளே போகும்படி கம்பெனியிலேயே அமைத்து அனுப்பியிருந்தார்கள். எல்லோருக்கும் நிம்மதி, அக்காவைத் தவிர. "நமக்குக் கஷ்டம் வேணாம்னு அவன் திறந்து வெச்சு அனுப்பிட்டான். நாளைக்கு ஏதாவது ஆனா அவனா வந்து பதில் சொல்லுவான்?" என்று அன்றே மாற்றினார். ஒரு நிமிடம் சும்மா இருந்தால் திரை பூட்டிக்கொள்ளும், மறுபடி கடவுச்சொல்.

தலைமை நர்ஸ் சண்டைக்கே வந்துவிட்டார்.

"கையுறையோட நான் நோயாளியப் பாக்கறதா, உக்காந்து எழுத்துக் கூட்டறதா? உங்களுக்கு எல்லாரும் திருடங்க."

"திருடங்கன்னு சொல்லல சிஸ்டர். யாருன்னு தெரியலன்னு சொல்றேன்."

சில நாட்களில் பெண்கள் வார்டிலிருந்து புகார் வருவது நின்றுபோனது. நின்றதே அக்காவுக்குச் சந்தேகம். ஆனால் அவர் போய்ப் பார்ப்பதற்குள் காரியம் கெட்டுவிட்டது.

மணிக்கட்டு உடைந்து அங்கே ஒரு பெண் படுத்திருந்தாள். உடைத்தது யார் என்பதை டாக்டரிடம் மட்டும் சொல்லியிருந்தாள். இனி வீட்டுக்குப் போவதில்லை, தோழியிடம் போகிறேன் என்று விலாசமும் கொடுத்திருந்தாள். பார்வையாளர் நேரத்தில் பழப் பையோடு வந்த அவள் கணவன், நர்ஸ் மேசையில் சாய்ந்து நின்று, திறந்திருந்த திரையை நிதானமாகப் படித்துவிட்டுப் போனான். அவள் போய்ச் சேர்ந்த அன்றே தோழி வீட்டுக் கதவை உதைத்தான். தோழி திறக்கவில்லை. அக்கம்பக்கத்தார் கூடி அவனைப் பிடித்துப் போலீஸில் கொடுத்தார்கள்.

மறுநாள் அவள் வார்டுக்குப் போன் செய்தாள். "உங்ககிட்ட மட்டும்தானே சொன்னேன்?"

போனை எடுத்தது தலைமை நர்ஸ். அவரே அக்காவை அழைத்துக் காட்டினார். மவுஸுக்கு அடியில் ஒரு கைக்கடிகாரம். நொடிமுள் ஓட ஓட, யாரோ மவுஸை அசைப்பதாக நம்பிக் கணினி பூட்டிக்கொள்ளாமல் இருந்திருக்கிறது.

"என் வாட்ச்தான்" என்றார் நர்ஸ்.

அக்கா வெடிப்பார் என்று எல்லோரும் காத்திருந்தோம். அவர் கடிகாரத்தைத் துடைத்து நீட்டினார். "இவ்ளோ கஷ்டமா வெச்சா சந்து பொந்து தேடத்தான் செய்வாங்க. அதையும் நான் சந்தேகப்பட்டிருக்கணும்."

இருவரும் உட்கார்ந்து பேசினார்கள். இப்போது கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைக் கணினியில் வைத்தால் திரை திறக்கும், எடுத்தால் பூட்டிக்கொள்ளும். அவசரப் பிரிவில் மட்டும் கூடுதல் நேரம் திறந்திருக்கும். அங்கே திரைகள், வருவோர் கண்ணில் படாதபடி சுவர்ப் பக்கமாகத் திரும்பிவிட்டன. அப்படியும் அக்கா தினமும் ஒரு சுற்றுப் போய்ப் பார்க்கிறார்.

மாவுக்கட்டைப் பிரிக்க அந்தப் பெண் வந்திருந்தாள். மறுபடி இடம் மாறியிருந்தாள். புது விலாசத்தை வாய்விட்டுச் சொல்ல மறுத்தாள். தலைமை நர்ஸ் கணினியைத் திறந்து கொடுக்க, அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"நீங்களே அடிங்கம்மா. டாக்டரும் சிஸ்டரும்தான் பாக்க முடியும்."

"நீங்க?"

அக்கா திரைக்கு முதுகு காட்டி, வழியை அடைத்து நின்றார். மருந்தோடு வந்த என்னையும் கண்ணாலேயே அந்தப் பக்கம் திருப்பினார். கட்டுப் பிரித்த கையை மடியில் வைத்துக்கொண்டு, மறு கையால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அவள் தட்டி முடிக்கும்வரை, அக்கா எதிர்ச்சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.