மூணாணி அக்காவின் கையெழுத்து

பாத்திரத் தொழிற்சாலையில் அவளை எல்லோரும் மூணாணி அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வாணலிக்குக் கைப்பிடி பொருத்த மூன்று ஆணி அடித்தே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவள் அல்லவா!

கட்டியவனைப் பறிகொடுத்துவிட்டு, கைக்குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டு வேலைக்கு வந்த அவளுக்குக் கிடைத்தது சோதனை மேசை. வாணலி நிறைய மணலைக் கொட்டுவாள். கைப்பிடியைப் பிடித்துத் தூக்கிப் பத்துத் தடவை உலுக்குவாள். துளி ஆடினாலும் தயவு தாட்சண்யம் கிடையாது, கழிவுக் கூடைதான். தேறியதன் பெட்டிக்குள் 'சோதித்தவர்' என்று அச்சடித்த சீட்டில் கையெழுத்துப் போட்டு வைப்பாள்.

பிறகு தகடு மெலிந்தது. யாரும் அறிவிக்கவில்லை, அவளுடைய மணிக்கட்டுதான் முதலில் கண்டுபிடித்தது. சாயங்காலமானால் விண்விண் என்று தெறிக்கிற கை, அன்று வலிக்கவில்லை.

அடுத்து மூன்று ஆணி இரண்டானது. சூப்பர்வைசரிடம் சண்டைக்குப் போனாள்.

"ரெண்டு ஆணி எப்படி சார் தாங்கும்?"

"ஏன்க்கா, வீட்ல நீங்க மணலையா வறுத்துச் சாப்பிடறீங்க? பாதி போட்டுப் பாருங்க, தாங்கும்."

சுற்றி நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். மகளின் பள்ளிக்கூடம் கண்முன் வந்தது. பாதி மணல் போட்டாள். தாங்கியது.

பாழும் மனசுக்குப் பழகிக்கொள்ள எத்தனை நாள் ஆகும்? சில வருஷத்தில் ஆணியே போய், பற்றவைத்த ஒரு பொட்டில் கைப்பிடி ஒட்டிக்கொண்டு நின்றது. நூற்றில் ஒன்றைப் பார்த்தால் போதும் என்றார்கள். கடைசியில் அவளுடைய கையெழுத்தையே ரப்பர் ஸ்டாம்ப் செய்துவிட்டார்கள். "உங்க கைக்கு ரெஸ்ட்டுக்கா" என்று சூப்பர்வைசர் சிரித்தார். அவள் ஸ்டாம்பைக் கையில் வாங்கிக்கொண்டாள். அப்போது மகளுக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது.

ஓய்வு பெற்ற அன்று கைதட்டி, ஒரு பாத்திர செட்டைப் பரிசாகக் கொடுத்தார்கள். பெட்டியைப் பிரிக்காமலே மகளிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். உலுக்கிப் பார்க்கத் தோன்றவில்லை. கூடவே உழைத்தவளுக்கு மட்டமானதையா கொடுப்பார்கள் என்று நம்பினாள், பாவி.

நாலாம் மாதம் மாப்பிள்ளையின் போன் வந்தது. அலறியடித்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினாள். கொதிக்கிற எண்ணெய். மகளின் வலது கையில் முழங்கையிலிருந்து விரல்நுனிவரை கட்டு.

"இவளுக்கு எதிலயும் அவசரம் அத்தை. நீங்க முப்பது வருஷமா பார்த்துப் பார்த்து அனுப்புன சாமான், கைப்பிடி அதுவா கழண்டு வருமா? எங்கயாவது இடிச்சிருப்பா" என்றார் மாப்பிள்ளை.

"ஆமாம்மா, நான்தான் சரியா பிடிக்கல" என்றாள் மகள், உதட்டைக் கடித்துக்கொண்டு. "பெட்டியில உன் கையெழுத்து இருந்துச்சு. அதைப் பத்திரமா எடுத்து வச்சிருக்கேன்."

பேசாமல் இருந்துவிட்டால் மகள் கண்ணில் அவள் என்றும் உயர்ந்தே நிற்பாள். ஆனால் வெந்த கையோடு பழியையும் சேர்த்துச் சுமக்கிறாளே, பெற்ற பெண்!

"உன்மேல தப்பில்லடி. அது நான் போட்டதில்ல, ஸ்டாம்ப். அந்தக் கைப்பிடி நிக்காதுன்னு எனக்குத் தெரியும். பத்து வருஷமாத் தெரியும்."

மாப்பிள்ளை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மகள் அம்மாவையே வெறித்துப் பார்த்தாள்.

"தெரிஞ்சேவா ஊருக்கெல்லாம் அனுப்பின?"

"உன்னை ஆளாக்கணுமே, அதுக்காகத்தானேடி..."

"என் தலையில போடாதம்மா."

மகளின் கண்ணீரைத் துடைக்க அவள் கை நீட்டினாள். மகள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, கணவனிடம் மட்டும் சொன்னாள்:

"அம்மாவை பஸ் ஏத்தி விட்டுட்டு வாங்க."