இருபத்தாறு இன்ச்சில் கழன்ற வண்டி

ஒரே ஒரு எண்ணைத்தான் மாற்றினேன். அகலம் என்ற இடத்தில் இருந்த முப்பதை அழித்து இருபத்தாறு போட்டு என்டர் தட்டினேன். திரையில் இருந்த வண்டி கழன்றுபோனது. இடது சக்கரம் தொட்டிக்கு மேலே போய் நின்றது. கைப்பிடி அடியில் தொங்கியது. தொட்டி, சட்டத்தைத் துளைத்துக்கொண்டு குறுக்கே கிடந்தது. பாகங்களை ஒன்றோடொன்று பிடித்து வைக்கிற நான்கு இணைப்புகளுக்கும் பட்டியலில் சிவப்புக் குறி.

எங்கள் பட்டறை மரக்காணத்திலிருந்து கூனிமேடு போகிற வழியில் ரோட்டை ஒட்டி இருக்கிறது. முதலாளி பாய் வளைகுடாவில் பல வருஷம் வெல்டராக இருந்து திரும்பியவர். டிப்ளமோ முடித்த என்னைக் கம்ப்யூட்டரில் வரைவதற்கு எடுத்தார். அதுவரை நான் வரைந்ததெல்லாம் வீட்டு கேட்டும் ஜன்னல் கிரில்லும்தான். உப்பள வரப்பில் தள்ளிக்கொண்டு போய்த் தொட்டியைச் சாய்த்து உப்பைக் கொட்டுகிற இந்த வண்டிதான் என் முதல் சொந்த டிசைன். என் அம்மா இன்றைக்கும் உப்பளத்தில் கூடை சுமக்கிறாள். இதை வேறு எவனும் வரையக் கூடாது என்று எனக்கு வெறி.

அன்று காலையில்தான் பாய் வரப்பை அளந்துவிட்டு வந்து, முப்பது இன்ச் வண்டி அதில் போகாது என்றார். முதலில் அகலமான வரப்பை அளந்து முப்பது சொன்னதும் இவர்தான். அதை யாரும் பேசவில்லை.

"நாலு இன்ச் கொறச்சிடும்மா. மூணு மணிக்குள்ள பாண்டிச்சேரில தகடு வெட்டற கடைக்கு படம் போவணும். விட்டா அடுத்த வாரம்தான் மிஷின் காலியாவும்."

"அஞ்சு நிமிஷம் பாய்" என்று திமிராகச் சொல்லியிருந்தேன். அரைமணி கழித்து அவர் என் முதுகுக்குப் பின்னால் நின்றார்.

"இன்னாம்மா இது, லாரி மோதுன மாதிரி கெடக்குது?"

வெல்டர் அண்ணன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு எட்டிப் பார்த்தார். "உப்பு வண்டின்னீங்க. ஹெலிகாப்டராட்டம் இருக்குதே பாய்."

"அண்ணே, உங்க வேலய பாருங்க."

பாய் சிரிக்கவில்லை. "பெரிய முதலியார்சாவடில ஒருத்தர் இருக்காரு. இதயே தொழிலா பண்றவரு. அவராண்ட குடுத்துட்றேன். நீ கேட் மட்டும் வரைஞ்சா போதும்மா."

எனக்குக் காது சூடானது. "மூணு மணி வரைக்கும் இது என்னுது பாய். அப்புறம் யாராண்ட வேணா குடுங்க."

"சரி, மூணு" என்று போய்விட்டார்.

அப்போது மணி பன்னிரண்டரை. சிவப்பாக இருந்த இணைப்புகளை ஒவ்வொன்றாக அழித்து, கிடைத்த ஓரத்தில் புதிதாகப் போட்டேன். சக்கரம் கீழே வந்தது. கைப்பிடி தன் இடத்துக்குப் போனது. வண்டி வண்டியாக நின்றது. சந்தேகம் விடவில்லை, இருபத்தேழு போட்டுப் பார்த்தேன். மறுபடியும் ஹெலிகாப்டர். ஒரு மணி நேரம் வீண். மேஜையை உதைத்ததில் கட்டைவிரல்தான் வலித்தது. சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

அதற்கப்புறம்தான் புத்தி வந்தது. கழன்றதை மாட்டிக்கொண்டே இருந்தால் கழன்றுகொண்டேதான் இருக்கும். எதனால் கழல்கிறது என்று பார்க்க வேண்டும். இந்த மென்பொருளில் நாம் செய்த ஒவ்வொரு வேலையும் வரிசையாகப் பதிந்திருக்கும். தொட்டியைத் தாங்குகிற பிராக்கெட்டை எடுத்து, இருபத்தாறு இன்ச் அளவிலேயே வைத்துக்கொண்டு, வரிசையை ஆரம்பத்துக்கு இழுத்தேன். ஒவ்வொரு படியாக முன்னால் வந்தேன். முதல் கோடு, சரி. தகடு, சரி. மூன்றாவது படி, மூலைகளை மழுக்கியது. அங்கே பிடிபட்டது.

பிராக்கெட்டின் நுனியில் இரண்டு மூலை. இரண்டையும் வட்டமாக மழுக்கியிருந்தேன். நடுவில் மிஞ்சிய நேரான ஓரத்தில்தான் இணைப்பை மாட்டியிருந்தேன். வண்டி ஒடுங்கியபோது பிராக்கெட்டும் ஒடுங்கியது. மழுக்கல் மட்டும் பழைய அளவிலேயே நின்றது. இரண்டு வளைவும் ஒன்றோடொன்று முட்டி, நடு ஓரம் காணாமல் போய்விட்டது. இல்லாத ஓரத்தில் எந்த இணைப்பு நிற்கும்? மற்ற மூன்று இணைப்புகளிலும் இதே கதைதான்.

மழுக்குவது கடைசியில் செய்ய வேண்டிய வேலை என்று டிப்ளமோவிலேயே சொன்னார்கள். நான் ஏன் முதலில் செய்தேன்? எங்கள் வீட்டில் புது மண்வெட்டி வாங்கினால் காம்பு போடுவதற்கு முன்பே மூலைகளைக் கருங்கல்லில் தேய்த்துவிடுவார்கள். உப்பளத்துக்குப் போகிற எந்த இரும்புக்கும் அதுதான் முதல் வேலை. காலில் கீறல் பட்டால் மறுநாளும் அதே உப்புத் தண்ணீரில்தான் நிற்க வேண்டும், புண் ஆறாது. கை அந்தப் பழக்கத்தில் ஓடியிருக்கிறது.

தொழுகை முடித்து வந்த பாயிடம் சொன்னேன்.

"அப்ப மழுக்கறத தூக்கிடும்மா. அழகுக்குத்தானே?"

"அழகா? வெறுங்கால்ல தள்றவங்க பாய். தகடு காலை கிழிச்சா நீங்க வந்து நிப்பீங்களா அந்த தண்ணில?"

பாய் தாடியைத் தடவிக்கொண்டு கடிகாரத்தைக் காட்டினார். ஒன்று ஐம்பது.

எல்லாப் பாகத்திலும் மழுக்கலை வரிசையின் கடைசிக்குத் தள்ளினேன். அதன் அளவையும் வண்டியின் அகலத்தோடு கட்டினேன்; வண்டி ஒடுங்கினால் அதுவும் ஒடுங்கட்டும். இணைப்புகளை ஓரங்களிலிருந்து எடுத்து, ஒவ்வொரு பாகத்துக்கும் நான் முதன்முதலில் வரைந்த நடுக்கோட்டில் மாட்டினேன். என்ன மாற்றினாலும் அந்தக் கோடு அழியாது. சிவப்புக் குறிகள் ஒவ்வொன்றாகப் போயின. மணி இரண்டரை.

அனுப்பப் போகிற நேரத்தில் பாய் போனைக் காதில் வைத்தபடியே வந்தார். முகம் சரியில்லை.

"ஏம்மா, உப்பளத்துக்காரரு பேசறாரு. ஒரு எடத்துல வரப்பு இன்னும் குறுகலா இருக்குதாம். இருபத்திநாலு வேணுமாம். முடியாதுன்னு சொல்லிடட்டுமா?"

வெல்டர் அண்ணன் ராடை வைத்துவிட்டு வந்து நின்றார். இருபத்தாறை அழித்தேன். இருபத்திநாலு. என்டர்.

சக்கரங்கள் இரண்டும் உள்ளே நகர்ந்தன. தொட்டி ஒடுங்கியது. பிராக்கெட்டுகள் கூடவே ஒடுங்கின, மூலை வட்டமாகவே இருந்தது. ஒரு சிவப்புக் குறிகூட இல்லை. தொட்டியை மவுஸால் பிடித்துச் சாய்த்தேன். சாய்ந்தது. நிமிர்த்தினேன். திரும்பி வந்து உட்கார்ந்தது.

"ஹெலிகாப்டர் எறங்கிடுச்சு பாய்" என்றார் அண்ணன்.

படத்தை அனுப்பியபோது மணி இரண்டு நாற்பது. பாய் தலையைச் சொறிந்தார்.

"அந்த முதலியார்சாவடிக்காரர வேற வரச் சொல்லிட்டேனே. இப்ப இன்னா சொல்றது?"

"கேட் வரைய ஆள் வேணும்னு சொல்லுங்க பாய்" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன்.