தவமணி அக்கா கட்டாத முடிச்சு

ஸ்ட்ராத்ஃபீல்ட் ரயில் மேடையில் நம் தமிழ்ச் சங்கத்துப் பெரியவர் ஒருவர் எனக்கு அந்த மரணச் செய்தியைச் சொன்னார். கணக்காளர், நல்ல கோட்டு, கையில் தோல் பை. "அந்த அம்புக்காரி, வெள்ளைக்காரன்ர கையைப் பழுதாக்கின மனுசி, அவ நேற்று மோசம் போயிட்டாவாம். இருதயமாம்" என்றார். பிறகு ரயில் பிந்துவதைப் பற்றிப் பேசினார். அவருக்குப் பெயர் தெரியாமல் இல்லை. மூன்று பொங்கல் விழாக்களில் அக்கா கிண்டிய பொங்கலை வாங்கிச் சாப்பிட்டவர்.

பெயர் தவமணி பாலசிங்கம். வயது முப்பத்தொன்பது. இந்தச் சங்க மடலைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பாதிப்பேர் கடைசி ஒன்றரை வருடம் அவரை அந்தப் பெயரால் கூப்பிடவில்லை. அதனால் இது சாந்தமான அஞ்சலியாக இருக்காது.

செவன் ஹில்ஸ் தொழிற்பேட்டையில் ஒரு வில் கடை. முன்னால் கடை, பின்னால் தகரக் கொட்டகை. வேட்டைக்குப் போகிறவர்களுக்கு வில் தேர்ந்து கொடுப்பதும், அந்த வில்லுக்குப் பொருந்தும் அம்புகளைச் செய்து சீர்படுத்துவதும் அங்கே தொழில். முதலாளி ராய். நானும் அக்காவும் ஒரே வாரத்தில் சேர்ந்தோம். நான் மதுரையில் இயந்திரவியல் டிப்ளமோ முடித்தவன். அவர் யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் பௌதிக ஆய்வுகூடத்தைப் பார்த்துக்கொண்டவர். இந்த நாட்டில் வெள்ளையருக்கு மட்டுமே குடியேற்றம் என்ற கொள்கை போய் நாலைந்து வருடம்தான் ஆகியிருந்தது; எங்கள் சான்றிதழ்களை ராய் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. இருவருக்கும் அம்பின் வாலில் இறகு ஒட்டும் வேலை கொடுத்தார். ஒரே மாதத்தில் அக்கா அம்புத் தண்டுகளைத் தரம் பிரிக்கும் மேசைக்குப் போய்விட்டார். யாரும் அதைக் கொடுக்கவில்லை. அவரே எடுத்துக்கொண்டார்.

அந்த மேசையில் தண்டை இரண்டு கட்டைகளின் மேல் கிடத்தி, நடுவில் எடையைத் தொங்கவிட்டு, எவ்வளவு தொய்கிறது என்று முள்ளில் பார்க்க வேண்டும். வில் பலமானால் அம்பும் விறைப்பாக இருக்க வேண்டும். பலமான வில்லில் தொய்ந்த அம்பை வைத்தால் நாண் தள்ளும் வேகத்தில் அது வளையும். வளைவு மிஞ்சினால் வில்லைப் பிடித்திருக்கும் கையிலேயே முறியும். ஒரே அளவாகத் தொய்யும் பன்னிரண்டை ஒன்றுசேர்த்து, எத்தனை பவுண்டு இழுவிசை உள்ள வில்லுக்கு என்று அட்டையில் எழுதி, தன் முதலெழுத்தைப் போட்டு, மெழுகு நூலால் கட்டுவார். நூலின் நுனியைச் சுற்றுக்குள்ளேயே புதைத்து இழுத்துவிடுவார், நாணுக்கு நூல் சுற்றுவதுபோல. வெளியே வால் தெரியாது. நான் கட்டினால் இரண்டு வால் தொங்கும், பலகாரப் பொட்டலம் மாதிரி. "ஐயா கலியாணச் சாமான் கட்டுறாரோ?" என்று கேட்பார்.

கழித்துப்போட்ட தண்டுகளை ராய் குப்பைத்தொட்டியிலிருந்து பொறுக்கி, வண்ணம் பூசி விற்பதை அக்கா ஒருநாள் கண்டுபிடித்தார். மறுநாளிலிருந்து, கழித்த ஒவ்வொன்றையும் ராயின் கண்ணெதிரே முழங்காலில் வைத்து முறித்தார். ராய் முகம் சிவந்து நின்றார். அக்கா என் பக்கம் திரும்பி, "செத்த பாம்பெண்டாலும் தலையை நசிச்சுப் போட்டுத்தான் போகோணும், தம்பி" என்றார்.

வாடிக்கையாளர்கள் இன்னொரு சாதி. சேலைக்கு மேல் நீல மேலங்கி போட்ட ஒரு பெண்ணிடம் பன்றி வேட்டைக்கு அம்பு கேட்க அவர்களுக்குக் கூச்சம். "ஆம்பிளை யாராவது இருக்காங்களா?" என்று ஒருவன் ஆங்கிலத்தில் கேட்டான். "இருக்கிறார்" என்று என்னைக் காட்டினார் அக்கா. "ஆனா அவருக்கு ஒண்டும் தெரியாது." அவனுக்கு வேறு வழியில்லை. அவன் பயிற்சி முனையில் சீர்படுத்திய அம்பில் கனமான வேட்டை முனையைத் திருகிக்கொண்டு, குறி தவறுகிறது, வில் கெட்டுவிட்டது என்று வந்திருந்தான். ராயாக இருந்தால் புது வில் விற்றிருப்பார். அக்கா அம்பை முனை கீழாக மரப்பலகையில் நிறுத்திப் பம்பரம்போலச் சுழற்றினார். அது தள்ளாடியது. முனையைக் கழற்றி நேராகப் பூட்டினார். கூடவே விறைப்பான தண்டுகளை எடுத்து வைத்தார். "முனை மாறினா அம்பும் வேற அம்பு" என்பது அவர் வாக்கு. தலைப்பக்கம் பாரம் கூடினால் தண்டு இன்னும் தொய்யும் என்பதை அந்த ஊரில் அதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

பொங்கல் விழாவில் நம்மவர்கள் அவரை விட்டுவைத்தார்களா? ஓர் அன்ரி எல்லோர் முன்னாலும் கேட்டார்: "நீர் சைவமாமே, பண்டி கொல்ல அம்பு செய்யிறீராம். என்ன கூத்து இது?"

"உங்கட மகன் டொக்டர்தானே அன்ரி? வருத்தக்காரரைப் பாக்கிறதுக்கு அவரும் வருத்தத்தில விழோணுமோ?" என்றார் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கிய பிறகு சொன்னார்: "அம்பு பட்டா அது அந்த இடத்தில விழோணும். காயத்தோட பத்தைக்குள்ள ஓடி, மூண்டு நாள் கிடந்து சாகிறதுதான் பாவம். அந்தப் பாவம் என்ர மேசையிலயிருந்து போகாது."

இனி நான் செய்ததைச் சொல்கிறேன்.

சக்கரங்கள் வைத்த வில் அமெரிக்காவிலிருந்து அப்போதுதான் வரத் தொடங்கியிருந்தது. லாரி ஓட்டும் கிரெக் அதில் அறுபது பவுண்டு இழுவிசையில் ஒன்று வாங்கினான். வெள்ளிக்கிழமை காலை மேற்கே பன்றி வேட்டைக்குக் கிளம்ப வேண்டும். அதற்குரிய அலுமினியத் தண்டுகளோ துறைமுக வேலைநிறுத்தத்தில் கப்பலிலேயே கிடந்தன. பழைய மர வில்லுக்கென்று நாற்பத்தைந்து பவுண்டில் தரம் பிரித்த மரத்தண்டுகளில் வேட்டை முனை பூட்டிக் கொடுக்கச் சொன்னார் ராய். அக்கா மறுத்தார். "அது வில்லில்லை, மெஷின். இந்தத் தடி தாங்காது. இதுக்கு நான் அட்டை எழுத மாட்டன். அடுத்த கிழமை போகச் சொல்லுங்கோ."

அக்கா நாலு மணிக்கு வீட்டுக்குப் போனதும், ராய் வேறொரு கட்டிலிருந்து அவர் கையால் எழுதிய அறுபது பவுண்டு அட்டையை அறுத்து என்னிடம் நீட்டினார். "இதை அந்த மரத்தண்டுகளில் கட்டு." நான் இந்த நாட்டில் தங்க மனுப் போட்டிருந்தேன். அதற்கு ராய் எழுதித் தர வேண்டிய கடிதம் அவர் மேசையில் கையெழுத்தில்லாமல் கிடந்தது. நெடுநேரம் யோசித்தேன் என்று சொன்னால் பொய். கட்டினேன்.

இரண்டாவது அம்பிலேயே தண்டு முறிந்து கிரெக்கின் இடது கையைத் துளைத்தது. அடுத்த வாரம் கட்டுப்போட்ட கையோடு கடைக்கு வந்து அட்டையை மேசையில் எறிந்தான். முடிச்சு குலையாமல் நூல் அதிலேயே இருந்தது. ராய் அக்காவைக் கூப்பிட்டு, "இது உன் எழுத்துத்தானே?" என்று கேட்டார்.

அக்கா கையில் எடுத்துப் பார்த்தார். "எழுத்து என்ரை. முடிச்சு என்ரை இல்லை" என்று முதலில் தமிழில் சொன்னார், பிறகு அதையே ஆங்கிலத்தில். சொல்லிவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். இரண்டு வால் தொங்கிய அந்த முடிச்சு யாருடையது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. நான் பேசுவேன் என்று காத்திருந்தார். நான் ஓர் அம்பை எடுத்து இறகைத் தடவிக்கொண்டிருந்தேன். "முடிச்சாம்!" என்று ராய் சிரித்தார். கிரெக்கின் முன்னாலேயே அக்காவை வேலையை விட்டு அனுப்பினார். கிரெக் அட்டையை எடுத்துக்கொண்டு போனான். அவனுக்கு வேண்டியது குற்றவாளி, கிடைத்துவிட்டாள்.

அவமானத்தால் செத்தார் என்று எழுதமாட்டேன். இதய வால்வில் கோளாறு அவருக்குப் பிறவியிலேயே இருந்தது. ஆனால் அதன் பிறகு கோழி இறைச்சியைப் பொட்டலம் கட்டும் ஆலையில் வேலைக்குப் போய்க் குளிரில் நின்ற பதினேழு மாதங்களும் இன்னொருவன் செய்ததைச் சுமந்து நின்றார். நீங்கள் அதை வதந்தியாக்கிப் பரிமாறினீர்கள். நான் ராய் கையெழுத்திட்ட கடிதத்தை வாங்கி மனுவோடு சேர்த்துக்கொண்டேன்.

இறுதிச் சடங்குக்கு ராய் மலர் வளையம் அனுப்பியிருந்தார். அதை நான் எடுத்துக்கொண்டு போய்த் தெருக் குப்பைத்தொட்டியில் போட்டேன். திரும்பி வந்து, ரயில்வேயில் ஃபிட்டராக வேலை பார்க்கும் அவர் கணவர் பாலசிங்கம் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நாற்காலியை விட்டு எழவில்லை.

"அவ அண்டைக்கே எனக்குச் சொன்னவ."

"அப்புறம் ஏண்ணே யார்கிட்டயும் சொல்லல?"

"நீ சொல்லுவாய் எண்டு பாத்துக்கொண்டிருந்தவ. முதல் மாசம் போன் அடிச்சாலே ஓடுவா. பிறகு ஓடுறதை விட்டிட்டா." வாசல் பக்கம் கையைக் காட்டினார். "எனக்குச் சொல்லி என்ன? கை பழுதானவனிட்டப் போய்ச் சொல்லு."

சனிக்கிழமை காலை கிரெக்கின் வீட்டுக்குப் போனேன். அவனுடைய இரண்டு விரல்கள் மடங்குவதில்லை. லாரி ஓட்டுவதை விட்டுவிட்டான். அட்டையை ஒரு பிஸ்கட் டின்னில் முறிந்த தண்டோடு வைத்திருந்தான். அவன் சாப்பாட்டு மேசையில் மெழுகு நூலை எடுத்து, முதலில் அக்கா கட்டும் விதத்தைக் கட்டினேன், பிறகு என்னுடையதை. அவன் டின்னுக்குள் இருந்ததையும் மேசையில் இருந்ததையும் மாறிமாறிப் பார்த்தான்.

"ஒன்றரை வருஷமா நான் தப்பான ஆளையா திட்டிக்கிட்டிருந்தேன்?"

"ஆமா."

"அந்தப் பொம்பளை எங்க?"

"செத்துட்டாங்க."

அவன் என்னை அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தாங்கியிருப்பேன். "கார்ல ஏறு" என்றான்.

கடையில் எட்டுப் பேர் இருந்தார்கள். கிரெக் அந்த டின்னை ராயின் முன்னால் கவிழ்த்து, மடங்காத கையை எல்லோரும் பார்க்கும்படி மேசையில் வைத்தான். என்னைப் பேசச் சொன்னான். பேசினேன். நாற்பத்தைந்து, அறுபது, மறுத்தவர் பெயர், கட்டச் சொன்னவர் பெயர், கட்டினவன் பெயர் எல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் வேட்டைக்காரர்கள்; அதன் பொருள் அவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஒருவன் தான் வாங்க இருந்த வில்லை அது தொங்கிய இடத்திலேயே மீண்டும் மாட்டினான். "உன்னை அடுத்த விமானத்தில் ஏற்றுகிறேன்" என்று ராய் கத்தினார். அந்தக் கத்தல் எனக்கு இனித்தது. இதைச் சொல்ல வெட்கமில்லை.

இப்போது ஒவ்வொரு சனிக்கிழமையும் கிரெக் அந்தக் கடை வாசலில் நின்று, உள்ளே போகிறவர்களிடம் கையைக் காட்டுகிறான். நானும் பக்கத்தில் நிற்கிறேன். அவனுடைய வக்கீலிடம் என் வாக்குமூலம் இருக்கிறது. வேலை போயிற்று. மனு என்ன ஆகும் என்று தெரியாது. கடை மூடும்வரை நிற்பதாக இருக்கிறோம். மூடிய பிறகும் ராய் வேறு எங்காவது திறந்தால் அங்கேயும் வருவோம்.

இந்த மடலுக்கு எழுதப் போகிறேன் என்று பாலசிங்கம் அண்ணனிடம் சொன்னபோது, அக்காவின் பொருள் ஏதாவது ஒன்று தருவீர்களா, நினைவாக வைத்துக்கொள்ள, என்று கேட்டேன். "இல்லை" என்றார். "அவ தொட்ட ஒண்டும் உனக்கு இல்லை."

அது நியாயம். ஆகையால், தவமணி அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது அவர் மேல் நீங்கள் போட்ட பழியை மட்டும்தான். அதை இன்று திருப்பி வாங்கிக்கொள்கிறேன். இனி யாராவது அந்தக் கதையை ரயில் மேடையிலோ கலியாண வீட்டிலோ சொல்ல நேர்ந்தால், என் பெயரைப் போட்டுச் சொல்லுங்கள்: மு. சுந்தரேசன், மதுரை.