சேற்றுப்புண்ணுக்குச் சாமந்தி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில், எளாவூரில் நடவுக்குப் போய் எனக்குச் சேற்றுப்புண் வந்தது. பக்கத்து வீட்டு அக்கா துலுக்கச் சாமந்தியை அரைத்து, எண்ணெயில் காய்ச்சிக் கொண்டுவந்தாள். அவள் வீட்டில் அந்தச் செடியே கிடையாது. எங்கள் ஊரில் அது பிணத்துக்குப் போடும் பூ. பாடையிலிருந்து வழியெல்லாம் பிய்த்துப் போட்டுக்கொண்டே போவார்கள். அதைத்தான் பொறுக்கியிருப்பாள் என்று முதலில் ஒதுக்கி வைத்தேன். எரிச்சல் தாங்காமல் தடவிக்கொண்டேன்.

புண் ஆறியதும் கேட்டுவிட்டேன். "பூவை எங்கக்கா பொறுக்கினே?"

"பொறுக்கறதா? உன் ஊட்டு வைக்கோல்போர் பின்னால பூத்துக்கினு கெடக்குது. அத்ததான் பறிச்சேன்," என்றாள்.

போய்ப் பார்த்தேன். பூத்துத்தான் கிடந்தது. நான் அங்கே எந்த விதையும் போட்டதில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் சுடுகாட்டுக்குப் போகும் பாதை.