பழைய வெர்ஷனில் தாலி

நெற்றிக்கு ஏற்றிய கண்ணாடி கண்ணுக்கு இறங்கி நான் பார்த்ததில்லை. அவர் செங்கல்பட்டில் கல்யாண வீடியோ எடிட் செய்பவர். கம்ப்யூட்டரில் எடிட்டிங் சாஃப்ட்வேரின் பழைய வெர்ஷனும் உண்டு, புதியதும் உண்டு. வந்தவர்களுக்குப் புதியதைத் திறந்து காட்டுவார். அவர்கள் தலை மறைந்ததும் பழையதில் வேலை செய்வார்.

எங்கள் கல்யாண வீடியோவில் மாமல்லபுரம் கடற்கரையில் நானும் என் மனைவியும் மூன்று முறை ஓடினோம். தாலி கட்டவே இல்லை.

“தாலி எங்கண்ணா?”

“அது பழசுல கீது அண்ணாத்த. மீதியெல்லாம் புதுசுல பண்ணிட்டேன்.”

“ரெண்டையும் சேர்க்க முடியாதா?”

“ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போவாது. வூட்ல கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கச் சொல்லு.”

அவர் முகத்தில் துளி வருத்தமில்லை. பழையதில் நாங்கள் கணவன் மனைவி. புதியதில் தாலியில்லாமல் கடற்கரையில் சுற்றுகிறோம். சொந்தக்காரர்கள் வந்தால் மாமியார் போட்டுக் காட்டுவது புதியதைத்தான்.