கீரை என்று அவள் சொன்ன நாள்

என் மனைவிக்குப் பாரிசவாதம் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது. வலக்கையிலிருந்து தேங்காய்ப் பாதி நழுவி உருண்டது. என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சத்தம் வந்தது, சொல் வரவில்லை. நாற்பது வயது கூட ஆகவில்லை அவளுக்கு.

சண்டைக் காலம். எங்கள் லிங்கநகரிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் இரண்டு இடத்தில் ஆமிக்காரர் இறக்கிச் சோதித்தார்கள். பெயர் என்ன என்று அவளைக் கேட்டார்கள். நான் அவளுடைய அடையாள அட்டையை நீட்டி, அவளுக்கும் சேர்த்து நானே பதில் சொன்னேன். அன்றைக்குத் தொடங்கிய பழக்கம் அது.

டொக்டர் ஒரு சிங்களப் பிள்ளை. தமிழ் கொஞ்சம்தான். கடதாசியில் படம் கீறிக் காட்டினார். சின்ன வயதில் வந்த மூட்டுக்காய்ச்சல் அவளுடைய இருதயத்தின் ஒரு கதவைச் சுருக்கிவிட்டதாம். கதவு சுருங்கினால் இரத்தம் உள்ளே தேங்கும், தேங்கினால் உறையும். அப்படி உறைந்த துணுக்கொன்று புறப்பட்டுப் போய் மூளைக்குப் போகிற குழாயை அடைத்துவிட்டது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன், துறைமுகக் களஞ்சியத்தில் வேலை. படித்தவர்களின் கதை எனக்கு ஓடாது. ஆனால் வாய்க்காலில் ஒரு வள்ளம் குறுக்கே நின்றால் பின்னால் வருகிற எதுவும் போகாது என்பது எனக்கு விளங்கும்.

இனி அவள் நாள் தவறாமல் ஒரு குளிசை போடவேண்டும், இரத்தம் உறையாமல் பார்க்கிற மாத்திரை. அளவு குறைந்தால் மறுபடியும் அடைக்கும். கூடினால் மூளைக்குள்ளேயே இரத்தம் கசியும். அதனால் வியாழக்கிழமை தோறும் இரத்தம் சோதித்து அட்டையில் ஒரு இலக்கம் எழுதுவார்கள். அந்த இலக்கம் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் நிற்கவேண்டும்; இறங்கினால் அடைப்பு, ஏறினால் கசிவு. என் வீட்டின் விளக்கு அந்த இடைவெளியில்தான் எரிந்தது.

சோதிக்கிறவர் கிண்ணியாவைச் சேர்ந்த முஸ்லிம் மனிதர். கரண்ட் இல்லாத நாட்களில் கையாலே சுற்றுகிற யந்திரத்தில் இரத்தத்தைச் சுழற்றி, மேலே தெளிகிற மஞ்சள் நீரை எடுப்பார். இளஞ்சூட்டுத் தண்ணீரில் இரண்டு குழாய்களை வைத்து, மருந்து விட்டு, சரித்துச் சரித்துப் பார்த்துக்கொண்டு எத்தனை செக்கனில் உறைகிறது என்று எண்ணுவார். ஒரு குழாய் என் மனைவியுடையது. மற்றது சுகமான ஆளுடையதாக இருக்கவேண்டும். சண்டைக் காலத்தில் சுகமான ஆளை எங்கே தேடுகிறது? பல நாட்களில் தன்னுடைய இரத்தத்தையே எடுத்து வைப்பார். யன்னலுக்கு வெளியே நின்று நான் பார்த்திருக்கிறேன். அவர் இரத்தமும் அவள் இரத்தமும் பக்கத்தில் பக்கத்தில் சரிந்து நிமிரும். அந்த நேரம் கோயில் அம்மாளை நினைத்துக்கொள்வேன்.

அம்மாளிடம் எனக்கு ஒரு நேர்த்தி இருந்தது. அவள் பேச்சுத் திரும்பவேண்டும் என்று நாற்பத்தெட்டு நாள் வீட்டில் மீன், இறைச்சி என்று மச்சம் ஒன்றும் சமைக்காமல் விரதம் இருப்பதாக, ஆஸ்பத்திரி வாசலிலேயே நேர்ந்துவிட்டேன். வீட்டுக்கு அவளைக் கூட்டிவந்த மறுநாள் விரதம் தொடங்கியது. குசினியும் சமையலும் என் கைக்கு வந்தன. மீன் இல்லையென்றால் கறிக்கு என்ன இருக்கிறது? முருங்கையிலைச் சுண்டல், பொன்னாங்காணி, வல்லாரைச் சம்பல். வல்லாரை மூளைக்கு நல்லதென்று அயலில் உள்ள பெண்கள் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து தந்தார்கள். பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "தம்பி, நீ அரைக்கிற சம்பலைப் பார்த்தே அவ எழும்பி வந்து அகப்பையைப் பறிப்பா, இருந்து பார்" என்பார். வந்தவர்களில் சிலர் அவளுக்கு முன்னாலேயே, அவவுக்கு நாங்கள் கதைக்கிறது விளங்குமோ என்று என்னைக் கேட்டார்கள். கொஞ்சம் விளங்கும் என்று நான்தான் சொன்னேன். அவள் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

பேச்சு மெல்ல வந்தது. முதலில் தண்ணி. பிறகு ஓம். பிறகு என்னைக் கூப்பிடுகிற "இஞ்சேருங்கோ", அதுவும் பாதி. அன்றைக்கு நான் சுவாமிப் படத்துக்கு முன்னால் விழுந்து அழுதேன்.

ஆனால் அட்டையில் இலக்கம் இறங்கிக்கொண்டே போனது. ஒன்றரைக்கும் கீழே. சாப்பாட்டில் ஏதும் மாற்றமோ என்று டொக்டர் கேட்டார். வழமையான சாப்பாடுதான் என்றேன். நேர்த்தி எனக்கும் அம்மாளுக்கும் நடுவில் உள்ளது, அதை வெளியில் சொன்னால் பலன் குறையும் என்று எண்ணியிருந்தேன். விரதத்தை விடச் சொல்லிவிடுவார்களோ என்ற பயமும் இருந்தது. டொக்டர் குளிசையைக் கூட்டினார். இரண்டு கிழமை கழித்து மறுபடியும் கூட்டினார். இலக்கம் ஒருவாறு இரண்டைத் தாண்டியது.

நாற்பத்தெட்டாம் நாள் பூசை முடித்து, அடுத்த நாள் பாரை மீன் வாங்கிக் குழம்பு வைத்தேன். அவள் இடக்கையால் ருசித்துச் சாப்பிட்டாள். ஒன்றரை மாதமாக இலை தின்ற எனக்கும் அலுப்பு. அந்தக் கிழமையும் அடுத்த கிழமையும் மீன்தான். கீரைப் பக்கம் நான் போகவில்லை. இடையில் வந்த வியாழக்கிழமை ஊரடங்கு, சோதனைக்குப் போக முடியவில்லை.

இரண்டாவது புதன்கிழமை பல் விளக்கும்போது அவள் வாயிலிருந்து இரத்தம் வந்தது, நிற்கவில்லை. முழங்கையில் அடிபடாமலே நீலமாகக் கன்றியிருந்தது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். சோதிக்கிறவர் குழாய்களைச் சரித்தார். அவருடையது உறைந்தது. அவளுடையது தண்ணீர் மாதிரி ஓடிக்கொண்டே இருந்தது. அவர் எண்ணுவதை நிறுத்தாமல் என்னை ஒருதரம் பார்த்தார். எந்த நாளும் பகிடி விட்டு எங்களைச் சிரிக்கவைக்கிற மனிதர், அன்றைக்குப் பகிடி விடவில்லை. தானே அட்டையைத் தூக்கிக்கொண்டு டொக்டரிடம் ஓடினார்.

டொக்டர் என்னைத்தான் கேட்டார். வேறு மருந்து? இல்லை. நாட்டு மருந்து? இல்லை. குளிசையைக் கூட்டிக் குடுத்தீங்களா? அம்மாள் சத்தியமாக இல்லை ஐயா என்றேன். என்ன மாறினது என்று திரும்பத் திரும்பக் கேட்டார். ஒன்றும் மாறவில்லை என்று நான் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

அப்போது என் சட்டையை ஒரு கை இழுத்தது. அவளுடைய வலக்கை. அது அவ்வளவு பலமாக எதையும் பிடித்து நான் அதுவரை காணவில்லை.

"கீரை" என்றாள்.

பசிக்கிறதாக்கும், பிறகு தருகிறேன் என்று நான் அவளை அடக்கப் பார்த்தேன். அவள் என்னை விட்டுவிட்டு டொக்டரைப் பார்த்தாள். நெற்றி வியர்த்தது.

"கீரை... ஒவ்வொரு நாளும். இப்ப... இல்லை. மீன்."

டொக்டருக்குத் தமிழ் குறைவு, அவளுக்குச் சொல் குறைவு. ஆனால் அந்த ஆறு சொல் இருவருக்கும் போதுமாக இருந்தது. அவர் பேனாவை வைத்துவிட்டார். எந்தக் கீரை, எவ்வளவு என்று கேட்டார். அவள் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி விரலை மடக்கிக் காட்டினாள். சோதிக்கிறவர் வல்லாரைக்கும் முருங்கைக்கும் சிங்களத்தில் பெயர் சொன்னார். பச்சை இலையில் இரத்தத்தை உறையவைக்கிற சத்து இருக்கிறதாம். அது கூடினால் குளிசை தோற்கும். அதற்காகக் குளிசையைக் கூட்டிவிட்டு இலையை நிறுத்தினால், கூட்டின குளிசை ஆளை வெல்லும். நான் விரதம் இருந்தது ஒரு பிழையும் இல்லை. மறைத்ததுதான் பிழை.

குளிசையை நிறுத்தி, ஊசி போட்டு, வார்ட்டில் வைத்துப் பார்த்தார்கள். மூளையில் கசிவு ஒன்றும் இல்லை. நேர்த்தியைப் பற்றி அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சொன்னேன். சோதிக்கிறவர் அவள் கட்டிலடியில் நின்று, "தங்கச்சி, இனி இந்தாளை நம்பாதேங்கோ. கணக்கு உங்கட தலைக்குள்ள இருக்கட்டும்" என்றார். அவள் வாய் கோணியபடியே சிரித்தாள்.

வீட்டுக்குப் போகிற நாளில் டொக்டர் தன் கதிரையை அவள் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, கேள்விகளை அவளிடமே கேட்டார். எவ்வளவு நேரம் எடுத்தாலும் பொறுத்திருந்தார். கீரையை விடத் தேவையில்லை, ஒவ்வொரு நாளும் ஒரே அளவு சாப்பிட்டால் போதும் என்று சொன்னார். அன்றிலிருந்து ஒரு சின்னக் கோப்பையில் அவள்தான் கீரையை அளந்து வைப்பாள், அமர்த்தி ஒரு கோப்பை. கந்தசஷ்டி வந்தபோது நான் விரதம் பிடித்தேன், அவளுடைய கோப்பை மாறவில்லை. இலக்கம் இரண்டரையில் வந்து நின்றது.

என் அம்மாள் என் நேர்த்தியை ஏற்றுக்கொண்டாள் என்றே இன்றைக்கும் நம்புகிறேன். பேச்சுத் திரும்பவேண்டும் என்று கேட்டேன். எனக்குத் தெரியாத பதிலை அம்மாள் என் மனைவியின் நாக்கில் வைத்தாள்.

வார்ட்டிலிருந்து வீட்டுக்குத் திரும்பிய அந்த நாளில், பாரிசவாதம் வந்த அன்று நிறுத்திய அதே இடத்தில் எங்களை நிறுத்தினார்கள். ஆமிக்காரப் பெடியன் அவளைப் பார்த்துப் பெயர் கேட்டான். என் வாய் தன்பாட்டில் திறந்தது. மூடிக்கொண்டேன். பின்னால் ஆட்கள் வரிசையில் முணுமுணுத்தார்கள். அவள் அவசரப்படவில்லை. உதட்டைக் கூட்டி, மூச்சை இழுத்து, தன் பெயரைத் தானே சொன்னாள். தகப்பன் பெயரையும் சேர்த்துச் சொன்னாள்.