சம்புக்குள் தொங்கிய கூடுகள்

எங்கள் வயல்வட்டையில் நெல் பால் பிடித்ததும் தூக்கணாங்குருவிகள் கூட்டமாக வந்து இறங்கும். அதனால் குருவிக் கூடுகள் தொங்கும் வாவியோரச் சம்புக் கோரைப் பற்றைக்குத் தீ வைப்பதென்று வயற்காரர்கள் கூட்டத்தில் பேச்சு எழுந்தது. நான் வாவியில் தோணியும் ஓட்டுகிறவன் என்பதால் மச்சான் என்னிடம் கேட்டான்.

"சம்புக்குள்ள கூடு கட்டியிருக்கிறதும் நம்மட தென்னையில தொங்கிறதும் ஒரே குருவிதானே?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "ஓம்" என்று சொல்லிவிட்டேன். தீ வைப்பது முடிவாயிற்று.

இரண்டும் வேறு என்று எனக்குத் தெரியும். போன வருடம் பறவை பார்க்க வந்த ஒரு பெண்ணைத் தோணியில் ஏற்றிப்போனபோது அவர் காட்டினார். தென்னைக் குருவிக்கு வெளிறிய வெறும் நெஞ்சு. கூட்டின் வாசல் குழாய்போல நீளமாகத் தொங்கும். சம்புக் குருவிக்கு நெஞ்சில் கறுப்புக் கீறல்கள், வாசல் கட்டை. சம்பின் நுனிகளைச் சேர்த்துத் தண்ணீருக்கு மேலே கட்டும். தென்னைக் குருவிக்குக் குறைவில்லை. மற்றது நாட்டில் அருகி வருகிறது, சம்பு அழிந்தால் அதுவும் அழியும் என்றார்.

தீ வைக்கும் காலையில் கச்சான் காற்று பலமாக வீசியது. மச்சான் காய்ந்த சம்பில் மண்ணெண்ணெய் ஊற்றினான். கூடுகளுக்குள் குஞ்சுகள் கத்திக்கொண்டிருந்தன. "வேண்டாம்" என்று சொல்ல வாய் திறந்தேன், சத்தம் வரவில்லை. கால் மட்டும் நடந்தது. சம்புக்குள் இறங்கி, தொடையளவு தண்ணீரில் போய் நின்றேன். அந்த இடத்தில் முதலை கிடப்பதை நானே கண்டிருக்கிறேன்.

"டேய் மச்சான், உனக்கென்ன விசரா? வெளிய வாடா!"

"குளிக்க வேற இடமில்லப் போல" என்று யாரோ சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள்.

"இது வேற குருவி" என்றேன். எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தரம் கத்திச் சொன்னேன். "இது குறைஞ்சு போற சாதி. கூட்டத்தில நான் சொன்னது பொய்."

மச்சான் தண்ணீர் ஓரத்துக்கு வந்தான்.

"அப்ப அண்டைக்கு ஏன் ஓம் எண்டாய்?"

"பயத்தில."

"இப்ப முதலைக்குப் பக்கத்தில நிக்கிறாய். இதுக்குப் பயமில்லையா?"

"இதுக்கும் பயந்தான்."

மச்சான் நெருப்புப் பெட்டியைச் சட்டைப் பைக்குள் போட்டான். "குஞ்சு பறக்கிற வரைக்குந்தான் விடுவம். அதுவரைக்கும் எங்கட வயலிலயும் நீதான் குருவி கலைக்கோணும்."

இப்போது விடிந்ததிலிருந்து வரம்பில் நின்று தகரம் தட்டிக் கத்துகிறேன். வழியால் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும்போது கூசிப்போகிறது. எங்காவது புகை எழும்பினால் கத்துவது தானாக நின்றுவிடுகிறது. சம்புப் பக்கம் பார்த்து, அங்கே இல்லை என்று கண்ட பிறகுதான் மறுபடியும் தகரத்தைத் தட்டுகிறேன்.